பொது நிதியில் முதலில் எதை வாங்குவது? தீப் பாதுகாப்புக் கருவிகள்: ஓர் ஒப்பீடு

குடியிருப்போர் சங்கத்தில் தீப் பாதுகாப்பு பற்றிப் பேச்சு எடுத்தால், சுற்றி வளைத்துக் கடைசியில் "எத்தனை தீயணைப்புச் சிலிண்டர் வாங்கலாம்?" என்ற கேள்வியில்தான் வந்து நிற்கும். பெரும்பாலும் அருகில் எங்கோ ஒரு வீடோ கடையோ எரிந்திருக்கும். அந்தச் சூடு ஆறுவதற்குள் ஏதாவது செய்துவிட வேண்டும் என்ற வேகம் எல்லோருக்கும் இருக்கும். சிவப்புச் சிலிண்டர் கண்ணுக்குத் தெரிகிற பொருள். மாடிக்கு ஒன்றாக மாட்டிவிட்டால் வேலை முடிந்த மாதிரி இருக்கும், கணக்குக் கேட்பவர்களுக்கும் காட்டலாம்.

என் கணக்கு வேறு. கையில் இருப்பது அளவான பணம் என்றால், சிலிண்டர் மூன்றாவதாக வாங்க வேண்டிய பொருள். முதலிடம் புகை அலாரத்துக்கு. இரண்டாமிடம், யாரும் கருவி என்றே நினைக்காத ஒன்றுக்கு: தானாக மூடிக்கொள்ளும் கதவு. கட்டட விதிகள் கட்டாயம் என்று சொல்லும் கருவிகளுக்கு இந்தப் பேச்சு பொருந்தாது, அவற்றை வாங்கித்தான் ஆக வேண்டும். அதற்கு மேல் நாமாகத் தேர்ந்தெடுத்து வாங்குவதைப் பற்றித்தான் இங்கே பேசுகிறேன்.

பொருள்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் அமெரிக்காவின் யூஎல் நிறுவனம் ஒரே அளவில் இரண்டு அறைகளை அமைத்து எரித்துப் பார்த்திருக்கிறது. ஒன்றில் பழைய பாணி மரச் சாமான்களும் பருத்தித் துணிகளும். மற்றதில் இன்றைய ஃபோம் சோபா, செயற்கை இழைத் திரைச்சீலை, பிளாஸ்டிக் பொருள்கள். இன்றைய அறை நான்கு நிமிடத்துக்குள் முழுக்கப் பற்றிக்கொண்டது. பழைய பாணி அறைக்குக் கிட்டத்தட்ட அரை மணி நேரம் பிடித்தது. முழுக்கப் பற்றுவது என்றால், கூரைக்கடியில் தேங்கிய புகையின் வெப்பம் கீழே இருக்கும் அத்தனை பொருளையும் ஏறக்குறைய ஒரே நொடியில் எரியவைப்பது. அதற்குப் பிறகு அந்த அறையில் யாரும் உயிரோடு இருக்க முடியாது, கையில் தூக்கும் எந்தச் சிலிண்டரும் அதை அணைக்காது.

ஆக, எந்தக் கருவியை எடுத்துக்கொண்டாலும் முதல் இரண்டு மூன்று நிமிடத்தில் அதற்கு என்ன வேலை என்று கேட்டாக வேண்டும். அப்புறம் இன்னொரு கேள்வி: அந்த நேரத்தில் அங்கே ஆள் இருக்க வேண்டுமா, இல்லாவிட்டாலும் அது வேலை செய்யுமா? இந்த இரண்டாவது கேள்விதான் என் வரிசையையே மாற்றிப்போட்டது.

புகை அலாரம்

வீட்டுத் தீயில் பலரைக் கொல்வது நெருப்பைவிடப் புகைதான். சோபா கனன்று வெளிவிடும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. புகைக்கு நாற்றம் உண்டு என்றாலும், தூங்கும் மனிதரை மூக்கு எழுப்பிவிடும் என்று நம்ப முடியாது. காது எழுப்பும். அலாரத்தின் பயன் அவ்வளவுதான், ஆனால் அதற்கு ஈடாக வேறு கருவி இல்லை. அமெரிக்கத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கமான என்எஃப்பிஏ கணக்குப்படி, வேலை செய்யும் புகை அலாரம் இருந்த வீடுகளில், தீ விபத்துகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால், இறப்பு பாதிக்கும் மேல் குறைவு. வீட்டுத் தீயில் இறந்தவர்களில் ஐந்தில் மூன்று பேர் அலாரமே இல்லாத வீட்டிலோ, இருந்தும் அது வேலை செய்யாத வீட்டிலோ இருந்தவர்கள்.

வாங்கும்போது இரண்டு வகையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். ஒளியை வைத்துப் புகையைக் கண்டறிவது ஒன்று, அயனியாக்கத்தை வைத்துக் கண்டறிவது மற்றொன்று. முதல் வகையில் உள்ளே ஒரு சின்ன விளக்கும் உணரியும் இருக்கும். புகை நுழைந்தால் ஒளி சிதறி உணரியில் படும், அலாரம் அடிக்கும். மெத்தைக்குள் கனலும் சிகரெட், உருகும் வயர் மாதிரியான மந்தமான தீயை இது சீக்கிரம் பிடிக்கும். இரண்டாம் வகையில் அமெரிசியம்-241 என்ற கதிரியக்கப் பொருள் துளியளவு இருக்கும். குப்பென்று பிடித்து எரியும் தீயை இது சற்று முன்னதாகக் காட்டும். ஆனால் சமையல் ஆவிக்கும் கருகலுக்கும் அடிக்கடி கத்தும். கத்தினால் என்ன ஆகும்? வீட்டுக்காரர் ஸ்டூல் போட்டு ஏறி பேட்டரியைக் கழற்றி வைத்துவிடுவார். அதனால் படுக்கையறைக்கும் நடைவழிக்கும் ஒளி வகையே போதும் என்பேன். சமையலறைக்கு இரண்டுமே வேண்டாம். அங்கே குறிப்பிட்ட சூட்டைத் தாண்டினால் மட்டும் அடிக்கும் வெப்ப அலாரம் இருக்கிறது, அதை மாட்டலாம்.

பேட்டரியிலும் தேர்வு உண்டு. ஆண்டுதோறும் மாற்ற வேண்டிய சாதாரண பேட்டரி போட்டது விலை குறைவு. பத்தாண்டு ஓடும் லித்தியம் பேட்டரியை உள்ளேயே வைத்துச் சீல் செய்தது விலை கூட. இதில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். முதல் வகையில் பேட்டரி தீர்ந்து 'கீச்' என்று கத்தத் தொடங்கும் நாளில் அது டிவி ரிமோட்டுக்குள் போய்விடும். எப்படியும் அலாரத்தின் ஆயுளே சுமார் பத்தாண்டுதான், பின்பக்கம் அச்சிட்ட தேதியிலிருந்து எண்ண வேண்டும்.

பெரிய கட்டடங்களில் எல்லா மாடியையும் ஒரு பேனலோடு இணைக்கும் பொது அலாரம் அமைப்பைச் சிலர் முன்மொழிவார்கள். நல்லதுதான், எந்த மாடியில் புகை என்று காவலாளிக்கு உடனே தெரியும். ஆனால் நடைவழியில் ஒலிக்கும் மணி, கதவைச் சாத்தி மின்விசிறியைச் சுழலவிட்டுத் தூங்குபவரின் காதுக்குப் போய்ச் சேருமா என்று பகலிலேயே சோதித்துப் பாருங்கள். போகாது என்றால், பேனலுக்கு ஆகும் செலவில் வீட்டுக்கு வீடு தனி அலாரம் வாங்கலாம். ஒன்று அடித்தால் வீட்டிலுள்ள மற்றவையும் சேர்ந்து அடிக்கும் இணைப்பு வகை கிடைத்தால் இன்னும் நல்லது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். தவறாக நான்கு முறை அடித்த பேனல், ஐந்தாவது முறை அடிக்காது. யாரோ அதன் வாயை அடைத்திருப்பார்கள்.

கதவு

நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 19 மாடிக் குடியிருப்பு ஒன்றில் 2022 ஜனவரி 9 அன்று அறையைச் சூடாக்கும் மின்சாதனம் ஒன்றிலிருந்து தீ பிடித்தது. நெருப்பு பெரும்பாலும் அந்த வீட்டோடும் அதன் வெளிநடையோடும் நின்றது. இறந்தவர்கள் 17 பேர், எல்லோரும் புகையால். தீப்பிடித்த வீட்டார் ஓடிவந்தபோது அந்தக் கதவு தானாக மூடிக்கொள்ளவில்லை. மேலே 15ஆவது மாடியில் படிக்கட்டுக் கதவும் திறந்தே கிடந்தது. படிக்கட்டே புகைபோக்கியாகிவிட்டது. அந்தக் கட்டடத்தில் அலாரம் இருந்தது. ஆனால் அது முன்பெல்லாம் காரணமில்லாமல் அடித்துப் பழகியதால், அன்றும் பலர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கதவின் மேல் மூலையில் மாட்டும் டோர் குளோசர், அவ்வளவுதான் கருவி. பவுடர் நிரப்ப வேண்டாம், பேட்டரி வேண்டாம், பயிற்சி வேண்டாம். ஸ்பிரிங் தளர்ந்தால் ஸ்க்ரூ டிரைவரால் இறுக்கலாம். படிக்கட்டுக் கதவுகளுக்கு இதைச் செய்வதற்கு ஆகும் செலவு மாடிக்கு ஒரு சிலிண்டர் வாங்குவதைவிட அதிகமாக இருக்காது. இதற்கு ஒரே எதிரி, கதவு சாத்திச் சாத்திப் போகிறதே என்று யாரோ கொண்டுவந்து முட்டுக்கொடுக்கும் செங்கல் அல்லது பூந்தொட்டி. அதை எடுத்து வைக்கச் சொல்வதில் உங்களுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் மனத்தாங்கல் வரலாம். வரட்டும்.

தனி வீடுகள் மட்டும் உள்ள தெரு என்றால் படிக்கட்டுக் கதவுக்கு வேலை இல்லை, இந்தப் பகுதியை விட்டுவிடலாம். ஆனால் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும் பழக்கம் அங்கேயும் உயிர் காக்கும். சாதாரணப் பலகைக் கதவுகூடப் புகையையும் சூட்டையும் சில நிமிடம் தடுத்து நிறுத்தும். அப்படிச் சாத்துவதென்றால் அறைக்குள்ளேயும் ஓர் அலாரம் வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிலிண்டர்: எந்த வகை, எத்தனை, எங்கே

சரி, இப்போது சிலிண்டருக்கு வருவோம். இது ஆள் வேண்டிய கருவி. அதுவும் பதறாத ஆள். ஆறு கிலோ பவுடர் சிலிண்டர் தொடர்ந்து அழுத்தினால் சுமார் 15 முதல் 20 நொடியில் காலி. இரண்டு கிலோ பத்து நொடிகூடத் தாங்காது. முதல்முறை பிடிப்பவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே மாதிரிதான் செய்வார்கள்: பூட்டாகச் செருகியிருக்கும் பின்னை உருவாமல் கைப்பிடியைப் பலங்கொண்டு அழுத்துவார்கள். அது அசையாது. பின்னை உருவியதும் கண்ணுக்குத் தெரியும் சுடரைப் பார்த்து அடிப்பார்கள். பவுடர் சுடருக்குள் புகுந்து பின்பக்கம் பறந்து போகும், அடியில் எரிவது எரிந்துகொண்டே இருக்கும். எரியும் பொருளின் அடியைப் பார்த்து, இடமும் வலமுமாக வீச வேண்டும் என்பது உறைப்பதற்குள் பாதி தீர்ந்திருக்கும்.

ஏபிசி பவுடர் (ஏ, பி, சி என்பவை தீயின் வகைகளைக் குறிக்கும் எழுத்துகள்) எல்லாவற்றுக்கும் ஆகும் என்பார்கள். மரம், துணி, பெட்ரோல், வாயு, மின்சாதனம் என்று பெரும்பாலானவற்றுக்கு ஆகவும் செய்யும். பொது இடத்துக்கு ஒரே வகைதான் வாங்க முடியும் என்றால் இதை வாங்குங்கள். அதன் குறையையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். மூடிய நடைவழியில் அடித்தால் மஞ்சள் புழுதி கிளம்பி எதிரே கை தெரியாது, மூச்சு முட்டும். அதில் இருக்கும் மோனோ அமோனியம் ஃபாஸ்பேட் ஈரத்தோடு சேர்ந்தால் உலோகத்தை அரிக்கும். லிஃப்ட் பேனலுக்குள் அடித்தால் தீ அணையும், ஆனால் போர்டு பெரும்பாலும் தப்பாது.

அதனால் மீட்டர் அறை, லிஃப்ட் இயந்திர அறை, சர்வர் அலமாரி போன்ற இடங்களுக்குக் கார்பன் டை ஆக்சைடு. அடித்த தடயமே இருக்காது. ஆனால் அது பெரிதாகக் குளிர்விப்பதில்லை, காற்றை விலக்கி வைக்கும், அவ்வளவே. வாயு கலைந்ததும் சூடாக இருப்பது மறுபடி பற்றலாம். அதனால் மின் இணைப்பைத் துண்டிக்காமல் இதை நம்புவதில் பொருளில்லை. சின்ன அறைக்குள் நின்றுகொண்டு அடித்தால் உங்கள் மூச்சுக்கான காற்றையும் அது விலக்கிவிடும். வெளிவரும் வாயு மைனஸ் 78 டிகிரி வரை குளிரும், அந்தக் கறுப்புப் புனலை வெறுங்கையால் பிடித்தால் தோல் ஒட்டிக்கொள்ளலாம். இதில் அழுத்தத்தைக் காட்டும் பிரஷர் கேஜ் கிடையாது என்பதையும் கவனியுங்கள். எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும், பத்து சதவீதம் குறைந்திருந்தால் நிரப்பக் கொடுக்க வேண்டும். "பார்த்துவிட்டோம், எல்லாம் சரி" என்று சீட்டு ஒட்டிப்போகும் பராமரிப்பு ஆளிடம் தராசு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் அவர் எதையும் பார்க்கவில்லை.

சமையலறைக்கு இந்த இரண்டுமே சுமார்தான். எரியும் எண்ணெய்ச் சட்டியில் நெருக்கமாக நின்று அடித்தால் அதன் வேகமே எண்ணெயைச் சிதறடிக்கும். தண்ணீர் கூடவே கூடாது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் 1,700 லிட்டர் அளவுக்கு விரியும், எண்ணெயையும் தூக்கிக்கொண்டு கூரைவரை எழும். உணவகம், பொதுச் சமையற்கூடம் என்றால் வெட் கெமிக்கல் என்ற வகை இருக்கிறது. அதிலுள்ள பொட்டாசியம் உப்புக் கரைசல் எண்ணெயின் மேல் சோப்பு மாதிரி ஏடு கட்டி மூடும், குளிரவும் வைக்கும். வீட்டுக்கு அது தேவையில்லை. அடுப்பை அணைத்து, சட்டியைத் தட்டால் மூடி, ஆறும்வரை திறக்காமல் விட்டாலே போதும். கண்ணாடி இழையில் நெய்த தீப்போர்வை ஒன்றைக் கைக்கெட்டும் தூரத்தில், அடுப்புக்கு மேலே அல்லாமல் வாசல் பக்கமாக மாட்டினால் நல்லது. யார் மீதாவது துணி பற்றிக்கொண்டாலும் அது உதவும். வாயுக் கசிவில் எரியும் சுடரை அணைக்க முயலாதீர்கள், வால்வை மூடுங்கள். வால்வை மூடாமல் சுடரை மட்டும் அணைத்தால் வாயு அறையில் நிரம்பும், அது வெடிக்கும்.

சிலிண்டர் மேலே இருக்கும் எழுத்துகளை நம்புவதில் ஒரு சின்னச் சிக்கல். ஐரோப்பிய முறையில் சி என்றால் வாயு, அமெரிக்க முறையில் சி என்றால் மின்சாரம். சமையல் எண்ணெய்க்கு ஒரு முறையில் எஃப், மற்றதில் கே. இணையத்தில் படித்ததை வைத்து வாங்காமல், உடலில் ஒட்டியிருக்கும் படங்களைப் பார்த்து வாங்குங்கள்.

தீக்குள் வீசினால் வெடித்து அணைக்கும் பந்து இப்போது நிறைய விற்கிறது. உள்ளே இருப்பது பெரும்பாலும் அதே வகைப் பவுடர்தான், ஒரு கிலோவுக்குச் சற்று மேல். ஆளில்லாத மின்பெட்டிக்கு மேலே தொங்கவிட ஏற்றது. சிலிண்டருக்கு மாற்றாக அதை எண்ண வேண்டாம்: சிலிண்டரில் குறி தவறினால் திருப்பிப் பிடிக்கலாம், பந்தில் ஒரே வாய்ப்பு.

எண்ணிக்கையைவிட இடம் முக்கியம். வெளியேறும் வாசல் அருகே மாட்டினால், எடுப்பவருக்குப் பின்னால் வழி திறந்திருக்கும். உள் மூலையில் மாட்டினால் அதை எடுக்கவே தீயைத் தாண்ட வேண்டும். திருடு போகும் என்று கம்பிக்கூண்டில் வைத்துப் பூட்டிச் சாவியைச் செயலாளரிடம் கொடுத்து வைக்கும் இடங்களும் உண்டு. அப்படிச் செய்வதானால் வாங்காமலே இருக்கலாம்.

தண்ணீர் வழிகள்

ஹோஸ் ரீல் எனக்குப் பிடித்த கருவி. சுருட்டி வைத்த ரப்பர் குழாய், வழக்கமாக 30 மீட்டர். வால்வைத் திறந்து, வேண்டிய நீளம் மட்டும் இழுத்துக்கொண்டு ஓடலாம், ஒருவரே பிடிக்கலாம். நிமிடத்துக்கு 25, 30 லிட்டர்தான் வரும், ஆனால் சிலிண்டர் மாதிரி கால் நிமிடத்தில் தீர்ந்துபோகாது, தொட்டியில் தண்ணீர் உள்ளவரை வரும். முதலில் மின்சாரத்தைத் துண்டித்தாக வேண்டும், எண்ணெய்த் தீக்கு ஆகாது. இந்த இரண்டையும் குழாய்க்குப் பக்கத்திலேயே பெரிதாக எழுதி வைக்கலாம். ஹைட்ரண்ட் குழாய் வேறு கதை. அது தட்டையாக மடித்த கேன்வாஸ் வகை, தண்ணீர் பாயும்போது உதறும் உதறலில் பழகாதவர் கீழே விழுவார். அது தீயணைப்பு வீரர்கள் வந்தால் பயன்படுத்துவதற்கு. நம் வேலை, அவர்கள் வரும்போது பம்ப் பேனல் 'ஆட்டோ'வில் இருப்பதையும் தொட்டி நிரம்பியிருப்பதையும் பார்த்துக்கொள்வதுதான்.

கூரையில் பொருத்தும் தானியங்கித் தண்ணீர்த் தெளிப்பானான ஸ்பிரிங்க்ளர் எல்லாவற்றிலும் சிறந்தது, எல்லாவற்றிலும் செலவும் அதிகம். ஆளே வேண்டாம். பரவலாகக் காணப்படும் சிவப்பு நிறக் கண்ணாடிக் குமிழ் 68 டிகிரியில் உடையும், அந்த ஒரு தலை மட்டும் தண்ணீர் கொட்டும். ஒன்று உடைந்தால் கட்டடம் முழுக்கக் கொட்டும் என்பது சினிமா. புதிதாகக் கட்டும்போது போடுவதுதான் சுலபம். பழைய கட்டடத்தில் குடியிருப்பு மாடிகளுக்கெல்லாம் போட முடியாவிட்டாலும், அடித்தள வண்டி நிறுத்துமிடத்துக்கு மட்டும் போட முடியுமா என்று கேளுங்கள். காரணம் மின்வண்டிகள்.

லித்தியம் பேட்டரி ஒருமுறை உள்ளுக்குள் சூடேறிக் கட்டுமீறிவிட்டால், பவுடரோ கார்பன் டை ஆக்சைடோ சுடரை ஒரு கணம் அடக்கும், உள்ளே நடப்பதை நிறுத்தாது. நிறையத் தண்ணீர் ஊற்றிக் குளிர்விப்பது ஒன்றுதான் வழி. அணைந்ததாகத் தெரிந்து மணிக்கணக்கில், சில சமயம் நாள் கழித்துக்கூட மறுபடி பற்றும். வெளிவரும் புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு இருக்கும், அருகில் நிற்கக் கூடாது. ஆகவே இதற்கென்று தனிச் சிலிண்டர் தேடி அலைவதைவிட, சார்ஜ் போடும் இடத்தை மாற்றுவதற்குப் பணம் செலவிடலாம். படிக்கட்டுக்கு அடியிலும் வீட்டு வாசலிலும் வேண்டாம், காற்றோட்டமான ஓரத்தில் மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் தனி பிரேக்கரோடு சார்ஜிங் இடம் அமைப்பதே மேல். கழற்றக்கூடிய பேட்டரியைப் படுக்கையறைக்குக் கொண்டுபோய் இரவெல்லாம் சார்ஜ் போடுவதைத் தடுக்க, இப்படி ஒரு வசதியான இடம் இருப்பதே பாதி வழி.

இடத்துக்கு ஏற்ப வரிசை மாறும்

மாடிக் கட்டடம் என்றால் நான் சொன்ன வரிசைதான்: வீடுகளுக்குள் அலாரம், படிக்கட்டில் கதவு, பிறகு வாசலுக்கு அருகில் ஏபிசி, மின் அறைக்குக் கார்பன் டை ஆக்சைடு, மிச்சமிருந்தால் ஹோஸ் ரீல். தீயணைப்பு வண்டி நுழைய முடியாத குறுகலான சந்துகளில் நெருக்கமாக வீடுகள் என்றால் அலாரத்துக்கு அடுத்த இடம் தண்ணீருக்கு. பொதுத் தொட்டியும், அதோடு இணைந்த ஹோஸ் ரீலோ தூக்கிச் செல்லும் சிறு பம்போ அங்கே பத்துச் சிலிண்டருக்குச் சமம். ஒரு வீட்டில் பிடித்தது கூரை வழியாக அடுத்ததற்குத் தாவும் இடத்தில், சுற்றியுள்ள சுவரையும் கூரையையும் நனைத்து வைக்க 15 நொடிக் கருவியால் முடியாது. வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீடுகள் நிறைய இருந்தால் ஆறு கிலோ சிலிண்டரே வேண்டாம். நிரப்பிய நிலையில் மொத்த எடை ஒன்பது, பத்து கிலோ வரும். அங்கே இரண்டு கிலோ போதும், இல்லை என்றால் அந்தப் பணத்தையும் அலாரத்தில் போடுங்கள். காது மந்தமானவர்களுக்குத் தலையணைக்கடியில் அதிரும், விளக்கு மின்னும் அலாரங்கள் இருக்கின்றன.

பயிற்சிக்குத் தனிப் பணம் ஒதுக்க முடியவில்லை என்று சொல்லும் சங்கங்களுக்கு ஒரு வழி. நிரப்பும் தேதி நெருங்கும் சிலிண்டர்களை அப்படியே கம்பெனிக்குக் கொடுத்தனுப்பாதீர்கள். எப்படியும் அவர்கள் காலி செய்துதான் நிரப்புவார்கள். உள்ளூர்த் தீயணைப்பு நிலையத்தில் கேட்டு, அவர்கள் ஆள் ஒருவர் முன்னிலையில், திறந்த வெளியில், இரும்புத் தட்டில் கொஞ்சம் மரத்தூளை எரியவிட்டு, காவலாளி, வீட்டு வேலைக்கு வருபவர்கள், பெரிய பிள்ளைகள் எல்லோரையும் ஆளுக்கு நான்கு நொடி அழுத்தச் சொல்லுங்கள். காற்று முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நிற்க வேண்டும். எல்லாச் சிலிண்டரையும் ஒரே நாளில் காலி செய்யாமல் பாதிப் பாதியாகச் செய்தால், நிரப்பி வரும்வரை சுவர்கள் வெறுமையாக இருக்காது.